இன்னொரு ராமாத்தாள்

கூப்பிட்டால் இப்போதும் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று தோன்றுகிற என் அன்னாக்காவுக்கு,

"ஏனுங்க நர்சம்மா, உங்கூர்ல நீங்க யாருக்குங்க ஓட்டுப் போடுவீங்க?"

இந்தக் கேள்வி நினைவிருக்கிறதா? நீங்கள் நடத்திய பிரசவ ஆசுபத்திரியின் வாசலில் கேட்டது. சித்தூர் பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிருந்த மத்தியான வேளை. முதல் பொதுத்தேர்தல் வரப்போகிறது, ஒருத்தி விடாமல் போய் ஓட்டுப் போடவேண்டும் என்று எருத்தேன்பதிப் பெண்களிடம் தொண்டை நோகப் பேசி முடித்திருந்தீர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் உங்களுக்குத் துணையாக வந்திருந்தேன். கேட்டவள் ராமாத்தாள். சோளக்காட்டிலிருந்து நேராக வந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீங்கள் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். செய்யவில்லை. "எங்கூர்ல பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்லீங்க" என்றீர்கள், எங்கள் ஊர்த் தமிழிலேயே.

ராமாத்தாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அட பாவமே! இத்தனை செவப்பா இருந்துமா?"

எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் சிரித்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வருமுங்க. எங்களுக்கும் ஒரு நாளைக்கு வரும்" என்றீர்கள்.

அக்கா, வரவில்லை.

இந்த 1959ஆம் வருஷ ஆரம்பத்தில் உங்கள் சுவிட்சர்லாந்தில் வாக்கெடுப்பு வைத்தார்கள். பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா, வேண்டாமா? அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் யார்? ஆண்கள் மட்டும். பெண்பிள்ளைகளுக்குச் சிலேட்டு கொடுக்கலாமா என்று பையன்களைக் கை தூக்கச் சொன்னதுபோல. அப்படி ஒரு வாத்தியார் செய்தால் மேலதிகாரி அவரைச் சும்மா விடுவாரா? ஒரு தேசமே செய்திருக்கிறது. வேண்டாம் என்றவர்கள்தான் மிக அதிகம். பிரெஞ்சு பேசுகிற ஒரு மாகாணம் மட்டும் அதன் உள்ளூர்க் காரியங்களுக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டதாம். அந்த மட்டுக்கும் நல்லது.

செய்தித்தாளில் இரண்டு வரிதான் வந்தது. மீதியைப் பல மாதம் கழித்து உங்கள் தங்கை மரியா எழுதினாள். நீங்கள் போன பிறகும் எனக்கு எழுதுவதை அவள் நிறுத்தவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமையாம். அவள் சமைத்துக்கொண்டிருக்க, அவள் கணவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய் 'வேண்டாம்' என்று போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, சூப் நன்றாயிருக்கிறது என்றாராம். நல்ல மனிதர்தான், கை நீட்டாதவர், குடிக்காதவர் என்றும் எழுதியிருக்கிறாள். "ஒரு வீட்டுக்கு ஒரு குரல் போதும், நான் போட்டால் நீ போட்டதுபோலத்தானே" என்று விளக்கமும் சொன்னாராம்.

படித்துவிட்டுக் கடிதத்தை மேசைமேல் வீசினேன். கோபம் மட்டுமில்லை, எனக்குச் சிரிப்பும் வந்தது. அந்த வாக்கியத்தை நான் முந்தின வாரம்தான் எருத்தேன்பதியில் கேட்டிருந்தேன், அர்த்தம் துளியும் மாறாமல்.

சொன்னவன் சின்னச்சாமி. ராமாத்தாளின் மகன். இப்போது மந்திரிசபை கலைந்து மறுபடி தேர்தல் வருகிறது, வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்கள். அவன் மனைவியின் பெயரைச் சேர்க்கவேண்டும் என்று பேசப் போயிருந்தேன்.

"எங்கூட்டு ஓட்டு செதறக்கூடாதுங்க டீச்சர். நா போட்டா அவ போட்ட மாதிரிதானுங்க."

"அப்ப நீ சாப்பிட்டா அவளுக்குப் பசி தீந்துருமா சின்னச்சாமி?"

"நீங்க மூணாங்கிளாசுலயே இப்படித்தானுங்க. உதாரணம் சொல்லியே மடக்கிப்போடுவீங்க" என்று தலையைச் சொறிந்தான். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

போன மாதம் சித்தூரில் ஒரு விழா. மேடையில் ஒருவர், ஐரோப்பாவைப் பாருங்கள், அங்கே பெண்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, நாம்தான் கிணற்றுக்குள் கிடக்கிறோம் என்று முழங்கினார். எந்த ஐரோப்பா ஐயா, என்று எழுந்து கேட்டேன். ஆறு நாடுகள் ரோமாபுரியில் கூடி, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. வாஸ்தவம். அதில் ஒரு நாடு பிரான்ஸ். அங்கே மனைவி வேலைக்குப் போவதைக் கணவன் இன்றைக்கும் சட்டப்படி தடுக்கலாம். போகவிடாமல் தடுக்கப்பட்டவளுக்குச் சமக்கூலி எதற்கு? பூட்டின வீட்டுக்குள் இருக்கிறவளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்த கதை. அவர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

நம் ஊர்க் காரியத்துக்கு வருகிறேன். ராமாத்தாளின் மருமகள், நடுப்புணிக்காரி, உங்களுக்கு மறந்திருக்காது. பிறந்த ஊரைச் சொல்லித்தான் அவளை எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவள் பெயரும் ராமாத்தாள். கல்யாணமான அன்றே அந்தப் பெயர் உள்ளே போய்விட்டது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, மற்றவர்களும் அந்தப் பெயரைச் சொல்லிச் சின்னவளை அதட்டக்கூடாது. அது பெரியவளை அதட்டியதாகிவிடுமாம். ஆகவே அவளுக்குத் தன் பெயரைத் தானே சொல்ல வழியில்லை.

முதல் தேர்தலுக்குப் பெயர் எழுத வில்லேஜ் ஆபீசிலிருந்து மலையாளத்துக் குமாஸ்தா குறுப்பு வந்தபோது நாம் இருவரும் கூட இருந்தோமே. அவர் கேட்கக் கேட்க அவள் கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றாள். "சொல்லக்கூடாதுங்க. அத்தையோட பேருங்க." உங்களுக்கு வந்ததே கோபம்! "ஏம்புள்ள, உம்பட பேரச் சொன்னா உனக்கு வாய் வெந்துருமா?" என்று கத்தினீர்கள். அவள் அழுதாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. நாமாவது சொல்கிறோம் என்றால் குறுப்பு கேட்கவில்லை. ஒன்று அவள் சொல்லவேண்டும், இல்லை வீட்டார் சொல்லவேண்டும். வீட்டில் யாரும் சொல்லவில்லை. கடைசியில் அவர் 'சின்னச்சாமி பாரியை', அதாவது சின்னச்சாமியின் மனைவி, என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார். பெயரில்லாத பெண்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. எடுத்துவிட்டார்கள்.

அந்தத் தேர்தல் நாளில் வரிசையில் நின்ற அவளைத் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் அயல்நாட்டவர் என்பதால் வேலிக்கு வெளியே நின்றீர்கள். நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் என் விரலைப் பிடித்து, மை வைத்த இடத்தை வெகுநேரம் பார்த்தீர்கள். ஒரு பக்கம் நீங்கள், இன்னொரு பக்கம் அவள். விரல் நுனியில் மையில்லாத இருவருக்கும் நடுவில் எனக்கு என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அடுத்த வாட்டி நீ போடுவே அம்மிணி. நா பாத்துக்கறேன்" என்று அவளிடம் சொன்னீர்கள்.

அடுத்த தடவை வந்தபோது நீங்கள் படுக்கையில் இருந்தீர்கள். வீட்டில் யாரோ துணிந்து பெயரைச் சொல்லிவிட்டார்கள், ராமாத்தாள் என்று. பெரியவளின் கணவர் அதற்குள் காலமாகிவிட்டதால் வீடு சின்னச்சாமியின் பெயரில் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு ராமாத்தாளா என்று குறுப்பு சின்னவளுடையதை அடித்துவிட்டார். "டீச்சரே, நான் என்ன செய்யறது? ஒரே வீடு, ஒரே பேரு. ரெட்டிப்புன்னல்லே தோணும்?" என்றார். கெட்டவர் இல்லை, அக்கா. அதுதான் எரிச்சலே. உங்கள் தங்கை கணவர் கெட்டவரில்லை, சின்னச்சாமி கெட்டவனில்லை, குறுப்பு கெட்டவரில்லை. நல்லவர்கள் இத்தனை பேர் கூடித்தான் ஒருத்தியை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்த ஆடிக்காற்றில் நீங்கள் போய்விட்டீர்கள். அவளுக்குக் கொடுத்த வாக்கு என்னிடம் வந்து சேர்ந்தது.

இந்தத் தடவை குறுப்பு ஒரு வழி சொன்னார். "ரெண்டு ராமாத்தாள் உண்டுன்னா ரெண்டு பேரும் ஒண்ணா நேர்ல வரட்டும். அவங்கவங்க பேரை அவங்கவங்க வாயால சொல்லணும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை." பாருங்கள் கொடுமையை! மாமியார் எதிரில் சொல்லக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். மாமியார் எதிரில்தான் சொல்லவேண்டும் என்பது ஆபீஸ் சட்டம்.

வெள்ளிக்கிழமை இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். சின்னச்சாமி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான், ஆனால் உள்ளே வரவில்லை. குறுப்பு பேனாவைத் திறந்தார். பெரியவள் கணீரென்று சொன்னாள். பிறகு அவர் சின்னவளைப் பார்த்தார். அவள் கீழே பார்த்தாள். அதே கால் விரல், அதே தரை.

"சொல்லம்மா" என்றார். "சொல்லு புள்ள" என்றேன். ஆபீஸ் பூட்டுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பெரிய ராமாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க சாமி, எம்பட பேர அடிச்சுப்போட்டு அவளுக்குக் குடுத்துருங்க. நா ரெண்டு வாட்டி போட்டாச்சுங்க" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இது என்ன ஒரே சேலையா, ஒருத்தி கட்டிக்கிட்டு வெளிய போனா இன்னொருத்தி உள்ள உக்காந்திருக்க? யாரும் யாருக்கும் கழட்டிக் குடுக்க வேண்டாம்!" என்று கத்தினேன். முப்பது வருஷம் வகுப்பறையில் நான் உயர்த்தாத குரல். குறுப்பு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது நடுப்புணிக்காரி வாயைத் திறந்தாள். பெயரைச் சொல்ல அல்ல.

"நர்சம்மா மட்டுந்தானுங்க என்னையப் பேர் சொல்லிக் கூப்புட்டாங்க."

அவளுடைய முதல் பிரசவம், அக்கா. வலி கண்டு நாளெல்லாம் ஆகியும் குழந்தை வரவில்லை. உங்களுக்கு வழக்கம் தெரியாது, தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள்? "ராமாத்தா, முக்கு! ராமாத்தா, விடாதே!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினீர்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று, வெளியே இருந்த பெரியவள் "இதா வந்துட்டேனுங்க!" என்று உள்ளே ஓடிவந்தாள். அந்த வலியிலும் சின்னவள் சிரித்துவிட்டாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

"அவிய போனதுக்கப்பறம் ஆருங்க கூப்புடறா?" என்றாள்.

அவள் மாமியாருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள்.

"கேக்கலையே" என்றார் குறுப்பு.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, பிரசவ அறையில் நீங்கள் கத்தின அதே கத்தலாக, "ராமாத்தா!" என்றாள்.

"என்னுங்க?" என்றாள் பெரியவள், பழக்கதோஷத்தில்.

குறுப்பு சிரித்தார். சின்னவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள், சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவள் மட்டும் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு, "ஏம்புள்ள, எம்பட பேரு அத்தனை நல்லாவா இருக்குது, இப்படிக் கத்தற?" என்றாள். குறுப்பு எழுதினார். முழுப் பெயரும் எழுதினாரா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

வண்டி ஏறும்போது சின்னச்சாமி, "சரி, ஆருக்குப் போடறதுன்னு நா அப்பறஞ் சொல்றேன்" என்றான். அவள் கேட்டுக்கொண்டாள். சரி என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

சந்தோஷமா என்று கேட்பீர்கள். எரிச்சல் அடங்கவில்லை, அக்கா. தன் பெயரைச் சொல்ல ஒருத்திக்கு இரண்டு தேர்தலும் ஒரு சாவும் வேண்டியிருந்தது. அங்கே மரியா, உங்கள் நாட்டுப் பெண்களெல்லாம், படிப்பும் கடியாரமும் ரயிலும் வைத்துக்கொண்டு இன்னும் அடுப்படியில் காத்திருக்கிறார்கள். உலகம் முன்னே போகிறது என்று பிள்ளைகளுக்கு எத்தனை தடவை பாடம் நடத்தியிருக்கிறேன்! யார் முன்னே, யார் பின்னே?

தேர்தலன்று காலையில் அவளோடு நான்தான் போவேன். மறுபடி அடித்திருந்தால் வாசலை விட்டு நகரமாட்டேன். ஓட்டுப் போட்டதும் அந்த மை காய்வதற்குள் அவளை உங்கள் கல்லறைக்குக் கூட்டி வருவேன், விரலைக் காட்டச் சொல்வேன். விட்டுவிடாதே, அடுத்த வாக்கெடுப்பையும் கேள் என்று மரியாவுக்கு எழுதுவேன். சூப்பில் உப்புப் போடவேண்டாம் என்றும் எழுதலாமென்று இருக்கிறேன்.

இதைப் படித்து, நாம் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேலை. வில்லேஜ் ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய், அவள் பெயர் இருக்கும் வரியில் விரல் வைத்து, அதை அவள் வாயால் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள்.

எருத்தேன்பதியிலிருந்து,
உங்களோடு கூடப்பிறக்காத தங்கை,
கமலம்