பிளாப்பிக்கு வைத்த சந்தனம்

1996, ஆயுத பூஜை இரவு.

இன்று பட்டறையில் இருந்தவர்கள் மகன் சண்முகம், மருமகள் சரோஜா, பேத்தி கவிதா, நான்.

ஸ்பேனர், சுத்தியலுக்குப் பொட்டு வைத்த கையோடு, கவிதா பூஜைக்கு வைத்திருந்த கம்ப்யூட்டர் பிளாப்பியின் தகர மூடியை விலக்கி, உள்ளே இருந்த கறுப்புத் தகட்டிலேயே சண்முகம் சந்தனம் பூசிவிட்டான். இரண்டு வருஷமாக அவள் செய்துவந்த விளையாட்டு அதில்தான் இருந்தது. செத்துப்போன எங்கள் மயிலைக்காளை வரப்புக்கு வரப்பு தாவி வீடு திரும்பும் விளையாட்டு. கடைசிக் கிணற்றைத்தான் அது இன்னும் தாண்டவில்லை.

"வேற பிளாப்பில எடுத்து வெக்கலையா கண்ணு?"

"இல்லீங்க அப்பத்தா. எல்லாம் போச்சுங்க."

"கட்டிக்கப் போறவன் ஊட்டுல போயி மாட்டைத் தாண்ட வெய்யி அம்மணி" என்று சண்முகம் சிரித்தான்.

அவள் துப்பட்டாவால் தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சந்தனம் தெரியாமல் பூசியது, போகட்டும். அந்தச் சிரிப்புக்கு, நான் பெற்றவனே ஆனாலும், மன்னிக்க மாட்டேன் சண்முகத்தை.