மண்ணெண்ணெய் வாடையடித்த மடவை

அண்ணனுக்கு,

எண்ணூர் ஆற்றில் உன் கம்பெனியின் எண்ணெய் கலந்து மீன்கள் செத்து மிதந்தபோது, கம்பெனி சட்டையோடு வந்து நின்று, "மீனு நல்லாத்தான் கீது, பயப்படாம துன்னுங்க" என்றாய். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அம்மா நம்பினாள்.

"எம்புள்ள பொய் சொல்லுவானா?" என்று மண்ணெண்ணெய் வாடையடித்த மடவை மீனைத் தினமும் குழம்பு வைத்துத் தின்றாள். சட்டியைப் பிடுங்கினால் என்னை அடிக்க வந்தாள்.

நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னைத்தான் தேடினாள். போன் செய்தேன், வேலை இருக்கிறது என்றாய்.

கடைசியில், "இந்த நோவு அவன் சொன்ன மீனால இல்லதானே?" என்று கேட்டாள். மீனால இல்லம்மா என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள். நான் குனிந்து, "தெரிஞ்சேதாம்மா சொன்னான். எண்ண கலந்ததுலேந்து அவன் வூட்ல மீனே வாங்கறதில்ல" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு உன்னைக் கேட்கவேயில்லை.

நேற்று அடக்கம் செய்துவிட்டோம்.

உன் தங்கை