சலவைக்குப் போன கப்பல்

மாமு,

உன் பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். போன ஞாயிற்றுக்கிழமை உன் சம்சாரம் அதைத் திறந்தபோது வந்தது சலவைத்தூள் வாசனை. பதறிப்போய்க் கேட்டேன்.

"இன்னாம்மா இது, துவைச்சியா?"

"ஆமாண்ணா. அவரு இருந்தா தொட வுடுவாரா? வாங்கறதுக்கு ஆளு வராங்களே, எண்ணூர் கரண்டு ஆலை சாம்பல் படிஞ்சு கலீஜா கீதேன்னு நல்ல பவுடர்ல ஊற வெச்சு அலசிட்டேன்."

பெருமையாகச் சொன்னாள். பட்டாளத்துச் சட்டைகளின் தோளில் இருந்த, நீ ஆயுசெல்லாம் சேர்த்த பழைய துணிப் பேட்சுகள் எல்லாம் பள்ளிக்கூடச் சீருடை மாதிரி பளிச்சென்று அடுக்காக இருந்தன. தூசியைக்கூட ஊதித் தள்ளாமல் மயிலிறகால் தடவி எடுப்பவன் நீ. பார்த்திருந்தால் இன்னொரு முறை செத்திருப்பாய்.

நடுவில் இருந்தது அந்தக் கப்பல். கருநீலத் துணியில் மஞ்சள் நூலில் தைத்த பாய்மரக் கப்பல். அதைப் பார்த்ததும் வழக்கம்போல எனக்கு வயிறு எரிந்தது. ஆள் போய்ச் சேர்ந்தும் எரிச்சல் போகவில்லை, என்ன செய்வது?

அது முதலில் என் கைக்குத்தானே வந்தது! தண்டையார்பேட்டைக் கிடங்கில் வெளிநாட்டுப் பழந்துணி மூட்டையைப் பிரிக்கும்போது நாம் இருவரும் தவறாமல் போய் நிற்போம். ஒருவன் வேண்டாமென்று போட்டதை அடுத்தவன் எடுத்தால் அது எடுத்தவனுடையது, பிறகு பேச்சே கிடையாது. அன்றைக்கு ஒரு காக்கிக் கோட்டைத் தூக்கிப் பார்த்தேன். பொத்தான் இல்லை, பூச்சி அரித்திருந்தது. வீசிவிட்டேன். நீ எடுத்து, உள்ளே மடிந்திருந்த கையை வெளியே இழுத்தாய். தோளில் கப்பல். இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனைக்கு வந்த யாரோ ஒரு வெளிநாட்டுச் சிப்பாய் இந்தப் பக்கத்துத் தையற்காரனிடம் தைத்து வாங்கியது, கடல் கடந்து போய், நம் துறைமுகத்துக்கே கந்தலாகத் திரும்பியிருக்கிறது. நீ கப்பலைப் பார்க்கவே இல்லை. நேராகத் துணியின் பின்பக்கத்தைப் புரட்டினாய்.

"மூஞ்சிய எவன் வேணா தைப்பான் மாமு. முதுகுதான் பொய் சொல்லாது" என்றாய்.

அதோடு விட்டாயா? ஞாயிறு தவறாமல் உன் திருவொற்றியூர் வீட்டுக்கு என்னை வரவழைத்து, டீயைக் கொடுத்து, கப்பலை எடுத்து முதுகு தெரிய மேசைமேல் வைப்பாய். "பாத்துக்க. தொடாத" என்பாய். நான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஒரு குறையாவது கண்ணில் படாதா, போலி என்று ஒரு நாளாவது சொல்லிவிட மாட்டோமா என்று பார்ப்பேன். குறை கிடைக்காமல் கல்மண்டபத்தில் இருக்கும் என் ஆணிக்கடைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன்மேல்கூடக் கோபம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரிலிருந்து வாங்க வந்தவர் நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்தார். போர்க்காலத்துப் பருத்தி நூல் அந்த வெளிச்சத்தில் மின்னாது, இந்தக் காலத்து நூல்தான் மின்னும். பெட்டி முழுக்க நீலமாக மின்னியது. கப்பலும்தான்.

"மன்னிச்சுக்கங்கம்மா. எல்லாமே போலி."

அந்தச் சொல்லுக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஏங்கியிருப்பேன்! ஒரு நிமிடம் மனசுக்குள் சர்க்கரைப் பொங்கல். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உன் சம்சாரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ இத்தினி வருசமா இந்த மனுசன் ஏமாந்துகினா இருந்தாரு? என் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட வராம அந்தக் குடோன்ல கெடந்தாரே, இந்தப் பொய்க்கா?"

அவள் அழவில்லை. உன் படத்தை ஒரு முறை பார்த்தாள். ஊருக்கெல்லாம் நீ கிறுக்கன். அவளுக்கு மட்டும்தான் கெட்டிக்காரன். அந்தப் பார்வையில் அதுவும் போய்க்கொண்டிருந்தது, மாமு.

"டார்ச்ச இங்க அடிங்க சார்" என்று என் கைக்குட்டையை நீட்டினேன். அதுவும் நீலமாக மின்னியது. "இதுவும் நேத்து பவுடர்ல துவைச்சதுதான். மின்னுறது நூலு இல்ல, பவுடரு." அவர் தலையாட்டினார், ஆனாலும் முகம் தெளியவில்லை. "சரி, அந்தக் கப்பலைத் திருப்பாம வெச்சுக்கங்க. முதுகு எப்டி கீதுன்னு நான் சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். பாயின் பாதியில் மஞ்சள் நூல் தீர்ந்து, தையற்காரன் கொஞ்சம் சிவந்த மஞ்சளுக்கு மாறியிருக்கிறான். பாய்மரத்தடியில் இரண்டு முடிச்சு, ஒன்று தளர்ந்தது. போலி அடிக்கிறவன் இப்படியெல்லாம் தைக்க மாட்டான். அடியில் ஒரு நூல் வெட்டாமல் தொங்கும், அதை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள் என்றேன். திருப்பினார். எல்லாம் இருந்தது. நூல் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானது. இந்தக் காலத்துச் செயற்கை நூலாக இருந்தால் உருகிச் சுருண்டிருக்கும்.

"உங்க பேட்சா இது? இவ்வளவு துல்லியமா சொல்றீங்க?"

"என்னுது இல்ல சார். என்னுதா இருந்திருந்தா இப்டிப் பாத்திருக்க மாட்டேன்."

பிறகு உன் சம்சாரத்திடம் சொன்னேன்: "மெய்தான் தங்கச்சி. அவன் கண்ணுக்கு இந்த மெட்ராஸ்ல ஆளு இல்ல." உன் முகத்துக்கு நேராக இதை ஒருநாளும் நான் சொன்னதில்லை. நீ இருந்திருந்தால் அன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, கப்பலை மெல்லிய காகிதத்தில் சுற்றி எடுத்துப்போனார். அவர்மேலும் வயிறு எரிந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

வாசல்வரை வந்து உன் சம்சாரம் சிரித்தாள். "நீங்க மட்டும் இன்னாண்ணா? உங்க வூட்ல ஒரு பச்ச பேட்ச் கீதாமே, பாம்பு போட்டது? அத்தப் பாத்துட்டு வந்த அன்னிக்கு அவருக்கு சோறே எறங்காது. வெறும் தண்ணிய குடிச்சிட்டுப் படுத்துக்குவாரு."

பாம்பா? எனக்கு நினைவே இல்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். அடித்தட்டில், ஏதோ ஒரு மூட்டையோடு வந்ததென்று போட்டு வைத்திருந்தேன். கண்ணாடியை எடுத்து முதல்முறையாக அதன் முதுகைப் பார்த்தேன். பாவிப் பயலே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? செதில் செதிலாக, ஒவ்வொன்றும் தனித்தனி முடிச்சு. எந்தக் கை தைத்ததோ. மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கும் சோறு இறங்கவில்லை.