சாவிக்கொத்தைக் குலுக்காதீங்க

ஏங்க, சாவியை இன்னும் வெளியே எடுக்காதீங்க. அதுக்குத்தான் இந்தச் சீட்டை வாசக்கதவுலயே ஒட்டினேன்.

எதிர்வீட்டுக்காரங்க விட்டுட்டுப் போன பூனை அவங்க கதவு முன்னாடியே படுத்திருக்கு. சாவி குலுங்கினா அவங்கதான் வந்துட்டாங்கன்னு வாலைத் தூக்கிக்கிட்டு ஓடி வருது. நம்ம மூஞ்சியைப் பார்த்ததும் பழையபடி போய்ப் படுத்துக்குது. குடையை மறந்துட்டுத் திரும்பி வந்தப்ப நானே அதை ஏமாத்திட்டேன். மனசு கேக்கல. கொத்தை உள்ளங்கையில இறுக்கிப் பிடிச்சுத் திறங்க. மீதியை உள்ளே போய்ப் படிங்க, பின்பக்கம் இருக்கு.

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். வறுத்த மீன்ல ஒண்ணு பூனைக்கு, முள்ளை எடுத்துட்டு வைங்க. உங்க பழைய துண்டை அட்டைப்பெட்டியில விரிச்சிருக்கேன், திட்டாதீங்க. வீட்டு ஓனர் கேட்டா நான் பேசிக்கிறேன்.

"விட்டுட்டுப் போனவங்களுக்கே இல்லாத அக்கறை உங்களுக்கு எதுக்கு"ன்னு நேத்து நான் கேட்டிருக்கக் கூடாது. நீங்க தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்து வெளியே போனதும் எனக்கும் சோறு இறங்கல.

பஸ் டிப்போவுல இருந்து போன் வந்துச்சு. நாளைக்கு உங்களுக்குக் காலை வண்டியாம்.

இடம் இல்ல, ஓரத்துல எழுதறேன். நேத்து நீங்க திரும்பி வந்து சாவி போட்டப்ப பூனை மட்டுமா எழுந்து ஓடி வந்துச்சு? நானும் கதவு வரைக்கும் வந்தேன். நீங்க திறக்கறதுக்குள்ள பழையபடி போய்ப் படுத்துக்கிட்டேன்.