கிரகணம் காண வந்தவர்க்கு வாயில் திறந்த விதம்

மழை தப்பாது பொழிக, ஏரி நிறைக, வெண்கோட்டு நாட்டின் மீன்கொத்திக் கொடி தாழாது பறக்க. ஏழு ஏரி கண்டவரும், பகைவர் தாகத்துக்கும் மோர் வார்ப்பவருமான மழவராயப் பெருமானின் திருவாணையால், பேரமைச்சர் கொற்றங்குடி நம்பி, குளிர்மலைக் கூற்றத்து ஆளுநர் அரையன் செழியனார்க்கு விடுக்கும் ஓலை. உம் மலைகளில் தேனும், உம் மக்கள் வீடுகளில் சிரிப்பும் குறையாதிருக்க. உமது முதுகுவலி தணிந்ததெனக் கேட்டு மகிழ்ந்தோம்.

நிற்க. வான்கணி மாடத்தின் வாயிற்புறத்தில், புளியமரத்தடியில், இரண்டு முதியவர்கள் பதினோரு நாளாக அமர்ந்திருக்கிறார்கள், அவர்களை என்ன செய்வது என்று கேட்டு நீர் விடுத்த ஓலை கிடைத்தது. அதே தூதனின் பையில் மாடத்து வாயில்நாயகம் ஆச்சன் காரி தன் கைப்பட எழுதிய பன்னிரண்டு ஏட்டு அறிக்கையும் இருந்தது. ஒரு வரி விடாமல் வாசித்தோம். வாசித்து முடித்துத் தலையில் கைவைத்துக்கொண்டோம். நடந்ததைக் காரி கண்டபடியே இங்கு எழுதுகிறோம், ஏனெனில் உமது ஓலையில் அவனைக் கல்நெஞ்சன் என்று குறித்திருந்தீர். அது தவறு.

சாரத்தீவின் வானியற் பேராசிரியை உற்பலை அம்மையார் நான்கு திங்கள் கப்பலில் அலைக்கழிந்து வந்தவர். நம் மாடத்துக் கணிமுதல்வர் நக்கன் எயினனாரோடு முப்பது ஆண்டுகளாக ஓலை வழியே சண்டையிட்டு வருபவர். முழுக் கிரகணத்தின்போது ஞாயிற்றைச் சுற்றித் தெரியும் வெண்ணொளி ஞாயிற்றுக்கு உரியது என்பார் அம்மையார். திங்களுக்கு உரியது என்பார் எயினனார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. இருவர்க்கும் எழுபது கடந்துவிட்டது. சென்ற திங்கள் நம் நாட்டின்மேல் நண்பகலில் வந்த அந்தக் கிரகணத்தைத் தவறவிட்டால் அடுத்தது எண்பத்திரண்டு ஆண்டு கழித்துத்தான்.

வேற்றுநாட்டு அறிஞர் மாடத்துள் புக வேண்டுமாயின், அவரது விண்ணப்ப ஓலை வாயிலைக் கடந்த நாள்தொட்டுத் தொண்ணூறு நாள் நிறைய வேண்டும் என்பது விதி. அம்மையாரின் விண்ணப்பம் சரியான நாளில்தான் வந்து சேர்ந்தது. ஆனால் அந்த ஓலையும் வேற்றுநாட்டிலிருந்து வந்ததாகையால், அது உள்ளே புகுவதற்குத் தனியே ஓர் அனுமதி வேண்டியிருந்தது. அதில் ஒரு நாள் போயிற்று. ஆகவே கிரகண நாள் அவர்க்கு எண்பத்தொன்பதாம் நாளாக அமைந்தது. அவர் கொண்டுவந்த அளவுகோலும் நாழிகை வட்டிலும், விசாரித்து எழுதத் தந்தை பெயரோ பழைய குற்றமோ இல்லாதவையாதலின், கேட்ட அன்றே அனுமதி பெற்று உள்ளே போய்விட்டன. அம்மையார் வெளியே நின்றார்.

அன்று காலை காரிக்குக் கஞ்சி இறங்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டு வாயில் காத்தவன். ஒரு பூனையைக்கூடக் கணக்கின்றி உள்ளே விட்டதில்லை. அவன் அம்மையாரிடம் சொன்னதை அவன் வாய்மொழியாகவே தருகிறோம்: "கோவிச்சுக்கிடாதீங்கம்மா. ஒரே ஒரு நாளுதான் குறையுது. நாளைக்கு விடியட்டும், நானே பல்லக்குல வச்சு உள்ள கூட்டிட்டுப் போறேன்." நாளைக்குக் கிரகணம் இராதே என்று அம்மையார் எடுத்துரைக்க, "அது சூரியன் பாடு தாயி. வாசல் மட்டுந்தான் என் பாடு" என்று கைகூப்பினானாம்.

இச்செய்தி எட்டியதும் எயினனார் உள்ளிருந்து ஓடிவந்தார். விருந்தினரை நேரில் கண்டு பொறுப்பேற்றால் வழி பிறக்கும் என்பது அவர் எண்ணம். அவசரத்தில் வெளியேறும் அனுமதி ஏடு எழுதி வாங்காமலே வாயிற்படியைத் தாண்டிவிட்டார். அனுமதியின்றி வெளியேறியவர் எவராயினும் புதிதாக வந்தவராகவே கொள்ளப்படுவார் என்பது விதி. காரி கண் கலங்கி, அவர் பெயரையும் தந்தை பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு, தொண்ணூறு நாள் என்று சொன்னான். மாணவரெல்லாம் வேறு குன்றுகளுக்கு அளவெடுக்கப் போயிருந்தமையால், அப்போது மாடத்துள் இருந்தவள் சமையற்காரி பூதி ஒருத்தியே.

கிரகணம் தொடங்கியது. வாயிற்புறத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே என்று நீர் கேட்பீர், எவரும் கேட்பர். அனுமதி பெறாதவர் மாடத்து எல்லையில் நின்று ஆய்வுப்பொருளை நோக்கலாகாது என்பதும் விதி. அன்றைய ஆய்வுப்பொருள் ஞாயிறு. எல்லைக்கு வெளியே போவதென்றால் மலையிறங்க வேண்டும். அந்தக் கால்களுக்கு அது அரைநாள் வழி. எனவே காரி இரண்டு தாழங்குடைகளைத் தருவித்து இருவர் தலைக்கு மேலும் பிடிக்கச் செய்தான். சற்று நேரத்தில் புளிய இலைகளின் இடைவெளி வழியே தரையெங்கும் சிறுசிறு பிறைகளாக ஞாயிறு விழக் கண்டு, அவையும் ஆய்வுப்பொருளே என்று தெளிந்து, ஓடியோடிப் பாய் விரித்து மூடினான். ஒரு காவலனைப் பாய் விரிக்க ஏவிவிட்டு, எயினனார்மேல் அவன் பிடித்திருந்த குடையைக் காரியே வாங்கிப் பிடித்தான்.

பத்தாம் ஏட்டில் அவன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். ஒரு பிறை மட்டும் குடையோரத்தைத் தப்பி எயினனாரின் புறங்கையில் விழுந்துவிட்டதாம். முதியவர்கள் இருவரும் குனிந்து, மூச்சை அடக்கி, அது மெலிந்து நூலாகி மறையும்வரை பார்த்தார்களாம். குடையைச் சற்றே சாய்த்திருந்தால் மறைத்திருக்கலாம், கை வரவில்லை, தண்டனைக்குக் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறான். அந்த ஏட்டை மட்டும் மீண்டும் ஒருமுறை வாசித்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம்.

பிறகு முற்றும் இருண்டது. ஞாயிறு மறைந்தால் வாயிலை அடைக்க வேண்டும் என்பது விதி, குடையை விலகாமல் பிடிக்கச் சொல்லிக் காவலனிடம் கொடுத்துவிட்டுக் காரி அடைத்தான். சிறிது பொழுதில் கிழக்கு மேற்கு எல்லாம் வெளுத்து, அடிவாரத்துச் சேவல்களும் கூவிவிட்டன. ஞாயிறு தோன்றினால் வாயிலைத் திறந்து மறுநாள் என்று பதிய வேண்டும். காரி திறந்து பதிந்தான். பதிந்தவன் துள்ளிக் குதித்தான். தொண்ணூறாம் நாள் பிறந்துவிட்டதல்லவா! கொம்பூதச் செய்து, பல்லக்கைக் கொணர்ந்து, கிரகணம் காண எழுந்தருளுமாறு உற்பலை அம்மையாரை முகமெல்லாம் சிரிப்பாக வேண்டினான்.

எயினனார்க்கோ இன்னும் எண்பத்தொன்பது நாள் இருந்தது. அவரின்றி உள்ளே போய் யாரோடு சண்டையிடுவது என்று கூறி, அம்மையார் பல்லக்கில் ஏற மறுத்து, மரத்தடியிலேயே அமர்ந்துவிட்டார்.

வெண்ணொளி எதனோடு நகர்ந்தது என்று எயினனார் மதிலுக்கு வெளியே நின்று பூதியைக் கூவிக் கேட்டார். "அதையா பாத்துக்கிட்டு நிப்பேன்? பொழுது சாஞ்சிருச்சேன்னு கோழியை அடைக்க ஓடினேன்" என்று அவள் உள்ளிருந்து சொன்னாள். அந்த மறுமொழி மதிலைத் தாண்டி வெளியேறியமைக்குக் காரி முறைப்படி ஓர் அனுமதி ஏடு எழுதி வைத்திருக்கிறான். முப்பது ஆண்டு வாதத்துக்கு நம் நாடு அளித்த சான்று அவ்வளவே.

செழியனாரே, காரியைத் தண்டிக்க வேண்டா. அவன் கைக்கொண்ட விதிகள் அத்தனையும் நாம் வகுத்தவை. அன்னியர் வானத்தைத் திருடிப் போய்விடுவர் என்று அஞ்சி, ஒரு மழைக்காலம் முழுதும் உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டே எழுதினோம். எழுதி முடித்தபோது மிகவும் பெருமையாக இருந்தது. இப்போது அந்த இரண்டு முதியவர்களை நினைத்தால் சோறு செல்லவில்லை. அவர்கள் இழந்ததைத் திருப்பித் தர நம்மால் ஆகாது. அவர்களை அந்த மரத்தடியில் இருந்தாவது எழுப்ப வேண்டும். விதிகளைத் திருத்தலாமென்றால், திருத்தமும் தொண்ணூறு நாள் கழித்தே செல்லும் என்று நாமே எழுதி வைத்திருக்கிறோம்.

ஆகவே ஆணை யாதெனில்: இவ்வோலை கண்ட நாழிகையே தச்சரை அனுப்பி மாடத்து வாயிலின் இரு கதவுகளையும் நிலையோடு பெயர்த்தெடுத்து மலைக்குக் கீழே இறக்குக. கதவும் நிலையும் இல்லாத இடம் வாயிலன்று. வாயில் இல்லாத இடத்தில் எவரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. எயினனாரும் உற்பலை அம்மையாரும் கைகோத்து உள்ளே செல்க, வேண்டுமட்டும் சண்டையிடுக, பூதி அவர்களுக்குச் சுடுசோறு இடுக. காரியும் அவர்களோடு உள்ளே சென்று ஒருமுறையேனும் வானத்தை அண்ணாந்து பார்க்க.

கதவுகள் இருநூறு ஆண்டுகளாக மாடத்துக்கு உரியவை. அவை வெளியேறுவதற்கான அனுமதி ஏட்டை இத்துடன் கட்டியுள்ளோம். தச்சர் உளியை எடுக்குமுன் அதைக் காரியின் கையில் கொடுத்துவிடுக; இல்லையேல் அவன் கதவுகளைப் போகவிடமாட்டான். இவ்வோலைக்கு ஒருமுறையும் அந்த ஏட்டுக்கு இருமுறையும் மீன்கொத்தி இலச்சினை பொறித்தோம், முத்திரை மங்கியிருந்தால் அவன் திருப்பி அனுப்பிவிடுவான் ஆதலின். இப்படிக்கு நம்பி எழுத்து.