ஒல்லிப் புத்தகமே போதும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், வீடுதான் கொஞ்சம் சத்தமாக இருக்கிறது. அங்கே நீயும் இருமல் விட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துப் பியானோவில் ஒட்டிக்கொண்ட கட்டையைச் சரி செய்தார்களா? நீ அனுப்பிய மூன்று புத்தகங்களின் படங்களையும் பார்த்தோம், இதில் அப்பாவுக்கு எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். உடனே பதில் போடாததற்குக் காரணம் உண்டு. ஃபோனில் சொன்னால் அப்பா பக்கத்திலேயே நின்று திருத்துவார், அதனால்தான் கடிதம்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர் ஜாஸ் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பியபோது நான் தலையில் அடித்துக்கொண்டது உனக்கே தெரியும். ஆனால் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது காலையில் சவரம் செய்துகொண்டு வந்து குச்சியைக் கையில் எடுக்கிறார். அதனால் நான் வாயைத் திறப்பதில்லை. டீச்சர் உன்னைவிடச் சின்னப் பெண், இவருடைய இடது காலோடுதான் மல்லுக்கட்டுகிறாள். அந்தக் கால் மிதித்தால் ஜால்ரா மாதிரி இருக்கிற ஜோடித் தட்டு இரண்டும் டக்கென்று மூடித் திறக்க வேண்டுமாம். இது ஆயுசு முழுக்க கிளட்ச் மிதித்த கால், மிதித்தால் எடுக்க மனசு வராது. "அங்கிள், கியர் மாத்தியாச்சு, காலை எடுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

அவள் முதலில் கொடுத்த புத்தகத்தோடு ஒரு சிடி உண்டு. பியானோ, பேஸ், டிரம்பெட் எல்லாம் அதில் வாசிக்க, கூடவே நாம் டிரம்ஸ் வாசிக்க வேண்டும். அப்பா வாசித்ததைக் கேட்டு நானே அசந்துபோனேன், ஒரு தட்டு பிசகவில்லை. அந்த மிதப்பில்தான், நூலகத்து ஹாலில் டீச்சரின் நண்பர்கள் வாசிக்கும்போது ஒரு பாட்டுக்குத் தானும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். நீ அனுப்பிய படங்களில் குண்டுப் புத்தகம்தான் வேண்டும், அதில்தான் வேகமான பாட்டு நிறைய என்று ஒற்றைக் காலில் நின்றார். போன வாரம் நான் பக்கத்து அறையில் ஒரு பள்ளிச் சீருடைக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன், கத்தரிக்கோலைத் தேடி அப்பா வாசிக்கிற அறைக்குப் போனால், அவர் ரெண்டு குச்சியையும் ஒரு கையில் பிடித்து முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறார், டிரம்ஸ் அது பாட்டுக்கு டிங் டிங்க-டிங் என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தச் சிடிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டும் சிடியில் இரண்டு தடவை இருக்கிறது, முதலில் டிரம்ஸோடு, நாம் கேட்டுப் பழக, அடுத்தது டிரம்ஸ் இல்லாமல், நாம் வாசிக்க. ஒரே பாட்டை எதற்கு இரண்டு தடவை போட்டிருக்கிறார்கள் என்று அப்பா இரண்டாவதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார். சொல்லாமல் விட்டால் ஹாலில் நாலு பேர் முன்னால் தலைகுனிவார், சொன்னால் குச்சியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு மறுபடி ஜன்னலுக்கே போய்விடுவார். ஆனாலும் சொல்லிவிட்டேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இத்தனை நாளா வாசிச்சது நான் இல்லையா?" என்று கேட்டார். "பாதி நீங்க, பாதி சிடில வாசிக்கிறவன்" என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல எனக்கும் வரவில்லை.

பிறகு அந்த இரண்டாவது பாட்டைப் போட்டோம். பாவம், எங்கே போகிறோம் என்றே தெரியாமல் தடவினார், நடுவில் நின்றார், மறுபடி ஓடிப்போய் ஏறிக்கொண்டார். பியானோ முடிந்து, பேஸ் முடிந்து, அறையே அமைதியான பிறகு டங்கென்று தனியாக ஒன்று தட்டினார் பார், நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்து, "அது நான்தான், அதுல சந்தேகமே இல்ல" என்றார். மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு வந்து டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

டீச்சர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஹாலுக்கு அடுத்த தடவை வருகிறேன் என்று அப்பாவே சொல்லிவிட்டார், அவளும் சரி என்றாள். உன் படங்களையும் காட்டினோம். குண்டுப் புத்தகம் வேண்டவே வேண்டாம், அந்த வேகத்துக்கு அங்கிள் கை இறுகிப்போகும் என்றாள். நடுப் புத்தகம் பெரிய பேண்டுக்கு உள்ளதாம், எழுத்தும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, அப்பா கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட வேண்டும். ஒல்லிப் புத்தகத்தில் பாட்டு கம்மிதான், ஆனால் எல்லாம் மெதுவானது, டிரம்ஸ் இல்லாத பதிவும் உண்டு, வேகத்தை இன்னும் குறைத்துப் போட்டுக்கொள்ளலாமாம். அதையே வாங்கு கண்ணு.

அது வந்து சேரும்வரை எனக்காக ஒன்று செய். நீ பியானோவில் மெதுவாக ஒரு பாட்டு வாசித்து, பதிந்து அனுப்பு. அப்பாவுக்கு ஃபோனில் உன்னிடம் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் பேச வராது, இப்படியாவது உன்னோடு கொஞ்ச நேரம் இருக்கட்டும். நான் கேட்டேன் என்று அவரிடம் சொல்லாதே. நோய்நொடி இல்லாமல், நல்ல தூக்கமும் நல்ல சிநேகிதமுமாக நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, பாட்டு முடிந்ததும் பதிவைச் சட்டென்று நிறுத்திவிடாமல் கொஞ்சம் காத்திரு. அப்பா ஒரு தட்டு பின்னால்தான் வருவார்.

உன் அம்மா