கழன்றதா, கழற்றினாரா

மார்ச் 4

மாலை வகுப்பில் வினைச்சொற்கள். தமிழ் கற்க வரும் இந்த நாட்டு நர்ஸ் கேட்டாள்: "உடைஞ்சது, உடைச்சேன் - எங்க மொழியில ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. உங்களுக்கு எதுக்கு ரெண்டு?"

பலகையில் எழுதிப் பார்த்தேன். திரும்பினான், திருப்பினான். அடங்கியது, அடக்கியது. தானாக நடந்தால் மெல்லினம். ஒருவர் செய்தால் வல்லினம். இதை எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்? யாருமில்லை. பிறகு எப்படித் தெரிந்தது?

மார்ச் 5

மகள் சமையலறையிலிருந்து: "டம்ளர் உடைஞ்சிடுச்சும்மா."

"உடைஞ்சுதா, உடைச்சியா?"

"அதுவா விழுந்துச்சு."

பள்ளிக்கூடமே போகவில்லை, அதற்குள் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாள். அவள் அப்பா, "இவ வக்கீலுக்குத்தான் லாயக்கு" என்கிறார்.

மார்ச் 11

சலவை ஆலை விபத்து ஒன்றின் வாக்குமூல மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் வேலை வந்தது. தமிழ்ப் பெண் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை அவரே கழற்றினார் என்று அறிக்கை. அதனால் வேலையும் போகப்போகிறது.

அவர் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டேன். "மூடி கழண்டுடுச்சு. கை உள்ள போயிடுச்சு."

கழண்டுடுச்சு. 'கழட்டிட்டேன்' அல்ல! அறிக்கை எழுதிய மொழியில், அந்த நர்ஸின் மொழியில், இரண்டுக்கும் ஒரே வினை. முன்பு மொழிபெயர்த்தவர் அந்த வினையைச் செய்ய ஓர் ஆளைத் தேடியிருக்கிறார். இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர் இந்தப் பெண்தான்.

மார்ச் 12

ஆனால் - கழற்றிவிட்டும் 'கழண்டுச்சு' என்று சொல்லலாமே? என் வீட்டிலேயே ஒருத்தி சொல்கிறாளே.

மார்ச் 13

விசாரணை அறை. கழன்றதற்கும் கழற்றியதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். ஆலை மேற்பார்வையாளர், "ஓர் எழுத்துக்கா இவ்வளவு பேச்சு?" என்றார்.

விசாரணை அதிகாரி என்னிடம், "அப்படியென்றால் அவர் பொய் சொல்லவில்லை என்கிறீர்களா?"

"அது எனக்குத் தெரியாது. தான் செய்ததாக அவர் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தில் இருப்பது அவ்வளவுதான்." அவருக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கலாமோ? கூடாது. அதைத்தானே முன்னவரும் செய்தார்.

கட்டுப்போட்ட கையோடு அந்தப் பெண் என் பக்கம் சாய்ந்தார். "என்னக்கா பேசிக்கிறாங்க?"

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நான் கழட்டினேன்னா எழுதியிருக்காங்க? அதைக் கழட்ட ஸ்பேனர் வேணுமே. எங்ககிட்ட ஏது ஸ்பேனர்? மெக்கானிக் ரூம்ல பூட்டி வச்சிருப்பாங்க."

ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ஒப்புக்கொண்டாகிவிட்டது என்று நினைத்ததால், இத்தனை நாள் யாரும் இதைக் கேட்கவேயில்லை.

மார்ச் 21

இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மூடியைப் பிடிக்கும் திருகாணிகளின் மரைகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தனவாம். வேலை நீக்கம் ரத்து. விரல்களுக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை.

ஏப்ரல் 2

வகுப்பு முடிந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அந்தச் சலவை ஆலைப் பெண்.

"அவங்க மொழியைக் கத்துக்கலாம்னு வந்தேன்க்கா."

உட்காரச் சொன்னேன். வழக்கம்போல 'வணக்கம்', 'என் பெயர்' என்று தொடங்கப்போனேன்.

"அதெல்லாம் மெதுவா வரட்டும்" என்றார். இடது கையில் பென்சிலை ஒருமாதிரி பிடித்துக்கொண்டார். "முதல்ல, 'நான் சொன்னது அது இல்ல'ங்கறதை எப்படிச் சொல்லணும்?"